நானாய்

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
ரப்பர் பூட்ஸ் சேறு தரையெல்லாம் அப்ப
அலெவ்தீனா கெய்க்கர் வந்து உட்கார்ந்தாள்.
அமூர் நதிக்கரையின் இந்த ஊராட்சி அலுவலகத்தில்
கணினி தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மேலிடத்து விதி புதிது.
ஆற்றோரச் சிறு இனத்தவர் இன்னாரென்று
பதிவேட்டில் ஏறினால்
ஆளுக்கு ஐம்பது கிலோ கெத்தா மீன்.
ஏறாதவர் போடும் வலை
திருட்டு வலை. படகும் பறிமுதல்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தாள்
அப்பாவின் பிறப்புச் சான்றிதழை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
பெயர் பொக்ஸா. இனம் என்ற கட்டத்தில்
ஊதா மையில், கோணலாக: கோல்து.

கணினி விரித்த பட்டியலில்
நானாய் இருந்தது. உல்ச்சி இருந்தது. நிவ்ஹ் இருந்தது.
கோல்து இல்லை.

"ரெண்டும் நாங்கதானே" என்றாள்.
"அந்தப் பேரை எழுதினதும் அவங்க,
அது வேண்டாம் இதுன்னு மாத்தினதும் அவங்க.
எங்க வீட்ல யாரும் எதையும் மாத்தல."
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்ததை இணைக்க
படிவத்தில் வழியில்லை.

ஆகஸ்டு இருபத்தாறில் பதில் வந்தது:
கோல்து என்பாரும் நானாய் என்பாரும்
ஒருவரே என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை.
கீழே கையெழுத்து.
அதன்மேல் இரட்டைத்தலைக் கழுகு.

அவள் சித்தப்பா பிறந்தது முப்பத்தெட்டில்.
அவர் தாளில் நானாய் என்றே இருந்தது.
ஆகவே சித்தப்பா மகள் எவ்தோக்கியாவுக்கு
ஐம்பது கிலோ.

செப்டம்பரில் மீன் ஏறியது.
ராத்திரி ஆழமில்லாத இடங்களில்
ஈரத்துணி அடித்துத் துவைக்கிற சத்தம்.
அலெவ்தீனா கொட்டகையில்
கிழியாத கண்ணிகளையும் பிரித்துத் தைத்தாள்.
எவ்தோக்கியா ஒரு வாளி கொண்டுவந்து வைத்தாளாம்;
இவள் மூடியைத் திறக்கவேயில்லையாம்.
மீன்துறைப் படகு போகும்போதெல்லாம்
கரையில் நின்று கையாட்டினாள்,
இரண்டு கையும் வெறுங்கை என்று தெரியும்படி.

அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம்.
நாலு மணி நேரப் பேருந்து.
கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.
ஒரே மக்கள்தான் என்று
அருங்காட்சியகத்தில் வாங்கிய கடிதம் அதில் இருந்தது,
கட்டணம் நானூறு ரூபிள்.
நீதிபதி கெட்டவரில்லை. சளி பிடித்திருந்தது அவருக்கு.
"உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்களேன்" என்றார்.

எழுந்தாள்.
ஜன்னலைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு பேசினாள், ஒரு நிமிடம் இருக்கும்,
வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பவளிடம் பேசுகிற குரலில்.

தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தாள்:
மனுதாரர் வேற்றுமொழியில் ஏதோ கூறினார்.

எனக்கு முக்கால்வாசி புரிந்தது.
உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் அல்ல நான்.
யாரும் கேட்கவுமில்லை.
வலையைப் பற்றி ஒரு வாக்கியம்,
நீதிபதியின் சளிக்கு ஒரு வேர்.
மீதி எழுதத் தகாதது.

தீர்ப்பின் தேதி நவம்பர் பதினான்கு.
கெய்க்கர், அலெவ்தீனா பொக்ஸாவ்னா: நானாய்.
அதற்குள் ஆற்றின்மேல் நாலு விரற்கடை பனிக்கட்டி,
நடுவில் யாரோ நடந்துபோன தடம்.
இவ்வாண்டு ஒதுக்கீடு காலாவதி.
தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் கேட்டாள்:
"பதினாலாம் தேதியிலேர்ந்தா,
இல்ல, பொறந்ததிலேர்ந்தேவா?"
நான் அச்சு இயந்திரத்தில் காகிதம் வைத்தேன்.
காகிதம் ஏற்கெனவே இருந்தது.

அடுத்த ஆண்டுக்கான படிவம் டிசம்பரில் திறந்தது.
புதிதாக ஒரு வரி:
மரபுவழி மீன் உணவுப் பழக்கத்துக்கான சான்று.
இம்முறை பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள்.
கையில் கடை ரசீது:
உறைந்த கெத்தா, இரண்டு,
ஆயிரத்து நூற்றுப்பத்து ரூபிள்.

ஸ்கேன் செய்து ஏற்றினேன்.
கணினி ஏற்றுக்கொண்டது.