பதினெட்டாவது சட்டம்

வெள்ளம் இரண்டு முறை கட்டிலேறிப் படுத்த பிறகு
வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.
மூன்றரை அடி.
கடன் வாங்கியது அதற்கே சரியாய்ப் போனது.
முகப்பு மட்டும்
விளிம்பு அடிக்காத துணிபோலத்
தெருவைப் பார்த்து நின்றது.

ஆவணியில், மின்சாரம் போன ஒரு ராத்திரி,
தனவேல் அந்த விளிம்புக்கு அப்பால் ஒரு காலை வைத்தார்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
கருவூலத்தில் முப்பத்தோரு வருஷம்
காசு பிசகாமல் கணக்கெழுதிய கை.

ஆசாரி கேட்ட கூலிக்கு
நான் நூற்றிருபது ரவிக்கை தைக்கவேண்டும்.
நானே செய்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பண்ருட்டிப் பலா. புயலில் சாய்ந்ததாம்.
செம்மண்டலம் வாடியில் கலியமூர்த்தி இழைக்க இழைக்க
உள்ளிருந்து
மஞ்சள் வந்துகொண்டேயிருந்தது.

துணி எனக்குத் தெரியும்.
அரை அங்குலம் உள்ளே விட்டால்
அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாம்.
மரத்துக்கு உள்தையல் கிடையாது.
குறைத்து அறுத்தது குறைந்ததுதான்.

என் டேப் அறுபதோடு முடிந்துவிடும்.
பென்சிலால் ஒரு கோடு, மறுபடி நாற்பத்தெட்டு.
“நூற்றெட்டு,” என்று கத்தினேன்.
“சட்டம் ரெண்டு, சந்து நாலு, ஆக ஆறு.
நூற்றெட்டில் ஆறு
பதினெட்டு.”
காலண்டர்த் தாளின் முதுகில், இடது கையால்,
அவர் எழுத்தே அவருக்குப் புரியாமல்.

பதினெட்டும் அறுத்தேன்.
சந்துக்கு அளவு ஒரு சோப்பு டப்பா.
டப்பா, சட்டம், டப்பா, சட்டம்,
திருகாணி எல்லாம் எவர்சில்வர்;
இந்த ஊர்க் காற்று இரும்பைப் பொரி மாதிரி தின்னும்.
பதினேழு ஒழுங்காக நின்றது.
பதினெட்டாவது
நெரிசல் பஸ்ஸில் கம்பியைக் கட்டிக்கொண்டவர்போல்
வலது தூணோடு ஒட்டிக்கொண்டது.
கழற்றினேன்.
கடைசியில் ஆறு அங்குல ஓட்டை.

இரண்டு நாள் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் நாள் காலை,
பென்ஷன் நின்றுபோன குரலில் சொன்னார்:
“பதினெட்டுச் சட்டத்துக்குப்
பத்தொன்பது சந்து.”

வார்னிஷ் காய்வதற்குள்
தேவனாம்பட்டினத்துக் காற்று ஒரு கை மணலை
அள்ளிப் பூசிவிட்டுப் போனது.
தொட்டால் சுறாத்தோல்.

எதிர்வீட்டு ஜைத்தூன்
நாங்கள் வீட்டைத் தூக்கிய நாளிலிருந்து பேசுவதில்லை.
சண்டை ஒன்றுமில்லை.
இங்கே ஏறாத தண்ணீர்
எந்த வாசலுக்குப் போகும் என்று
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அவள் பையன் மட்டும் வந்தான்.
“அந்த மிச்சக் கட்டை வேணும். ஸ்டம்ப்புக்கு.”
“மூணு வேணுமேடா ரிஸ்வான்?”
“ஒண்ணு போதும். மத்த ரெண்டும் செருப்பு.”

ஐப்பசி.
கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
சாயங்காலம் அவள் தெருவில் நின்றாள்,
என் தரை அவள் நெஞ்சுமட்டம்.
கையில் பாலிதீன் மேல் பாலிதீன் சுற்றிய மூட்டை:
ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பையனின் பிறப்புச் சான்று,
இன்னும் என்னென்னவோ.
படிக்கதவின் சாவியைத் தேட எழுந்தேன்.
“வேணாம்,” என்றாள்.
முதல் சந்தில் திணித்துப் பார்த்தாள். நுழையவில்லை.
நகர்ந்தாள். நகர்ந்தாள்.
பதினேழிலும் நுழையாதது
கடைசியில் நுழைந்தது.

பீரோவின் உச்சியில் வைத்துவிட்டு வந்தேன்.
அவள் போகவில்லை.
ஒரு சட்டத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
“மணல் ஒட்டியிருக்கே.”
“காயறதுக்குள்ள காத்து.”
“உப்புத்தாள் போட்டா போயிடும்.”
“போகும்.”

தனவேல் சாவியோடு வந்தார், இடது கையில்.
பூட்டுக்குள் அது சுற்ற மறுத்தது.
அதற்குள் தூறல்.
தெரு நடுவில்
வார்னிஷ் படாத ஒரே சட்டம்,
இன்னும் மஞ்சளாக,
இரண்டு பக்கமும் செருப்போடு
நனைய ஆரம்பித்தது.