நூறா, நூற்றிருபதா

இருபது மில்லிமீட்டர்.
குறிச்சி சிட்கோவில், நான் நிற்கிற மேசையில்,
இருபது மைக்ரான் கூடினாலே
பம்ப் ஷாஃப்ட்டைச் சிவப்புப் பெட்டியில் போடுவேன்.
பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம்.

இங்கே அவிநாசி ரோட்டுக் கடையில்
அதே இருபது, மில்லியில்,
எட்டாயிரத்துச் சொச்சம் விலை வித்தியாசமாக
இரண்டு சைக்கிள்களுக்கு நடுவில் தொங்குகிறது.

"டிராவல் எவ்வளவு பாக்கறீங்க்கா?"
என்கிறான் ஜோஸ்வின்.
பயணத்தைக் கேட்கவில்லை.
அடி விழுந்தால் முன் ஃபோர்க் எவ்வளவு உள்ளே போகும் என்பதற்கு
அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
"நூத்திருவது எடுத்துக்குங்.
எச்சா இருந்தா எச்சு சொகந்தானுங்."
அவன் பின்னால் சுவரில்
பனிமலை ஒன்றின் மேல்
ஒருத்தன் சைக்கிளோடு அந்தரத்தில் இருக்கிறான்.
அவன் இறங்குகிற இடம் படத்தில் இல்லை.

என் மலை எதுவென்று எனக்குத் தெரியும்.
ஞாயிறு காலை ஐந்தரைக்கு
ஒத்தக்கால்மண்டபத்தில் கிளம்பி
மதுக்கரைப் பக்கம் போகிற இட்டேரி.
இரண்டு பக்கமும் கிளுவை வேலி.
நடுவில் ஒரு மாடு, அல்லது நான்;
இரண்டு பேருக்கு வழியில்லை.
சுண்ணாம்புக் கல் பல்லைக் காட்டுகிற தரை.
ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.

போன மாதம் டேப்போடு போய் அளந்தேன்.
ஆடு மேய்த்தவர் வேலி மேல் எட்டிப் பார்த்து
"சர்வேங்களா? ரோடு வருதுங்களா?" என்றார்.
"கல்லு எத்தன ஒசரம்னு பாக்கறனுங்."
கொஞ்சம் யோசித்துவிட்டு
"அக்கட்டால கெடக்கறது பெருசுங்" என்று காட்டினார்.
நல்ல கண்.
அறுபத்தி மூன்று மில்லி.

நூறு என்றால் நூறும் எனக்கில்லை.
ஏறி உட்கார்ந்ததும்
இருபது என் ஐம்பத்தெட்டு கிலோவுக்கே போய்விடும்.
பிடித்தம் போகக் கைக்கு வருகிற சம்பளம் மாதிரி
மீதி எண்பதுதான் கல்லுக்கு.
("அந்தக் காசுக்கு ஸ்கூட்டருக்கு
முன்பணம் கட்டலாமல்லோ"
என்றாள் ஷிஃப்டில் கூட நிற்கும் தனபாக்கியம்.
அவளுக்குப் பதில் சொல்ல
என்னிடம் எண் எதுவும் இல்லை.)

நூற்றிருபதுக்கும் ஒரு குணம் உண்டு.
முன்பக்கம் உயர்ந்துவிடும்.
கரட்டு ஏற்றத்தில் சக்கரம் தலையைத் தூக்கி
ஊர் பார்த்துக்கொண்டு போகும்,
மிதிக்கிறவள் முதுகைப் பற்றிக் கவலையில்லை.
என் வழியில் ஏற்றம் ஒன்பது.
பள்ளம் ஒன்று.

அந்த ஒன்று ஓடை.
முழங்காலுக்கு நாலு விரல் குறைவான படி,
கீழே மணல்.
எப்போதும் நான் இறங்கித் தள்ளுகிற இடம்.

வான்மதியின் நூற்றிருபதை இரவல் வாங்கினேன்.
ஃபோர்க்கின் தண்டில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும்.
எவ்வளவு தூரம் உள்ளே போனதோ
அங்கே நின்றுகொள்ளும்.
முதல் சுற்று முடிந்து பார்த்தேன்: எண்பத்தி ஒன்று.
நூறே தாராளம் என்று
தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோதுதான் உறைத்தது.
ஓடையில் நான் இறங்கிவிட்டேன்.
இறங்கின இடம்
வளையத்துக்குத் தெரியாது.

அளக்காமல் விட்ட முனையை வைத்துக்கொண்டு
ஒரு பீஸைக்கூட நான் பாஸ் செய்ததில்லை.

திரும்பப் போனேன்.
படியின் விளிம்பில் மயில் ஒன்று நின்றது.
அது நகரட்டும் என்று காத்திருப்பதாக
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது நகர்ந்துவிட்டது.

மணலில் நின்று, இரண்டு கையும் நடுங்க,
குனிந்து பார்த்தேன்.
நூற்றி நான்கு.

"முடிவு பண்ணிட்டீங்களாக்கா?"
ஜோஸ்வின் பில் புத்தகத்தை எடுக்கிறான்.
நூறு, என்றேன். அந்தப் பச்சை.
அவன் முகம் எட்டாயிரம் இறங்கியது.
"பொறவு பத்தலைன்னு வரக்கூடாதுங்."

வர மாட்டேன்.
மேசையாக இருந்தால் சிவப்புப் பெட்டிதான்.
இட்டேரியில் அந்த நாலு மில்லியை
முழங்கை கொடுக்கும்.