வியாழக்கிழமை கயா வரும்

கயா என்றால்
ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் இனிப்பு.
அதே நிறம் என்பதால் நாய்க்கு அந்தப் பெயர்.
வியாழன்தோறும் மூன்று மணிக்கு
தாப்பாவிலிருந்து சியூ லிங் மைவியில் ஏற்றி வருவாள்.
பீடோர் பொம்பா நிலையத்தில்
பின்கொட்டகை மட்டும்தான் அனுமதி.
சுராவ் பக்கம் போகாமலிருக்கச் சுண்ணாம்பில் ஒரு கோடு.
கோடு தாண்டியதில்லை கயா.

மேலிடத்துக் கடிதத்தில் 'மனநலம்' என்று இருந்தது.
சிரித்தோம்.
ஏணி ஏறுமா, குழாய் பிடிக்குமா
என்று கேட்டான் ஜுகா.
முதல் வாரம் யாரும் தொடவில்லை.
இரண்டாம் வாரம்
பூட்ஸுக்கு மெருகு போடும் சாக்கில்
நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இடது காலின் மேல் தாடையை வைத்து
அது தூங்கிவிட்டது.
அன்று முழுக்க ஒரு பூட்ஸ் மட்டும் பளபளத்தது.

செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால்
ஈயம் எடுத்துவிட்டு விட்டுப்போன குட்டை.
பச்சையாக, அழகாக, அடி தெரியாமல் கிடக்கும்.
புதன்கிழமை பள்ளி விட்ட பிறகு
நாலாம் லயத்துப் பையன்.
தேடியது நானும் ஜுகாவும்.
எடுத்தது நான்.
அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.
கரையில் வெள்ளைச் சப்பாத்து,
கயிறு அவிழ்க்காமல்
குதிகாலால் மிதித்துக் கழற்றியது.

காலையில்
பசியாறியாச்சா என்று ஒருவரையொருவர் கேட்டோம்.
ஆச்சு என்றோம்.
ரொட்டி சானாய் பொட்டலம்
பிரிக்காமலே எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.
படிவம் ஒன்று தந்தார்கள், ஒன்று முதல் ஐந்து வரை.
தூக்கம்: ஐந்து.
உணவு: ஐந்து.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

மாலை நாலு மணிக்கு
மலைப்பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.
முதல் இடி தகரத்தில் இறங்கியதும்
எங்களைத் தேற்ற வந்த நாய்
பாய்ந்து தீயணைப்பு லோரிக்கு அடியில் புகுந்து
பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது.
பல் கிட்டிக்கும் சத்தம் வெளியில் கேட்டது.
சியூ லிங்குக்கு முகம் சிவந்துவிட்டது.
"சாரி சாரி, இதுக்கு இடின்னா ஆகாது."

குப்புறப் படுத்து முதலில் நுழைந்தவன் ஜுகா.
பின்னால் நான்.
டீசல் வாடை. நனைந்த ரோமத்தின் வாடை.
"ஒண்ணுமில்லடா" என்றேன்,
"முடிஞ்சிருச்சி.
நீ என்ன செய்வ, உன் மேல தப்பில்ல."
சொன்ன பிறகுதான் உறைத்தது.
இடிக்கு யார் மேல் தப்பு?
ஜுகா அவன் மொழியில் பேசிக்கொண்டிருந்தான்,
நீளமாக, மூச்சு விடாமல்.
எனக்கு இபான் தெரியாது.
கயாவுக்கும் தெரியாது.

சக்கரத்துக்கு அந்தப் பக்கம்
ஈரத் தரையில் வந்து குந்தினார் சார்ஜன் அஸ்மான்,
கை எட்டாத தூரத்தில்.
பையனின் அப்பாவிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.
அடுத்த இடிக்குக் கயா ஊர்ந்து போய்
அவர் உள்ளங்கையில் மூக்கைப் புதைத்தது.
பட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன்.
"பியார்லா, குணாளன்."
விட்டுவிட்டேன்.
மழை குறையும்வரை
கை இருந்த இடத்திலேயே இருந்தது.

முகம் நனைந்திருக்கிறதே என்று சியூ லிங் கேட்டதற்கு
மழை என்றான் ஜுகா, எனக்காக.
லோரிக்கு அடியில் ஏது மழை.

சார்ஜன் வேலியோரச் செம்பனை அடியில்
ஒரு பிடி மண் எடுத்தார்.
குழாயடியில் நின்று கழுவினார்,
மண் கரைத்த நீரால் ஒரு தரம்,
தெளிந்த நீரால் ஆறு தரம்.
அவசரமில்லை, அருவருப்புமில்லை.
நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.
விரல்களை உதறிவிட்டு வந்து கேட்டார்,
குரலைத் தாழ்த்தி:
"மூக்கு ரொம்பச் சில்லுன்னு இருக்கே,
அதுக்கு ஒடம்பு சரியில்லையா?"
"நல்லா இருந்தா
அப்படித்தான் இருக்கும், சார்ஜன்."
"ஓ" என்றார்.
கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.