மூலையில் மிஞ்சியது

ஆம்பூரில் இருந்தவரை
செருப்புக்கு மேல்தோல் தைத்தேன்.
பெங்களூர் வந்து, டேனரி ரோட்டில்,
செருப்பு ஏறக்கூடாத விரிப்புக்கு
ஓரம் தைக்கிறேன்.
விரல் அதே விரல்.
நூல்தான் பச்சையாகிவிட்டது.

துருக்கியிலிருந்து சுருள் சுருளாக வரும்.
பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் கிளம்பும் நெடியை
மழை பெய்யாத ஊரின் வாடை என்பார் பாபாஜான்.
அவர் வெட்டுவார். நான் தைப்பேன்.
பதினோரு வருஷத்தில் நாற்பத்தொரு பள்ளிவாசல்.
எங்கே தூண் பருமன்,
எங்கே வரிசைக்கு நடுவில் படிக்கட்டு குறுக்கிடும்,
எந்த முத்தவல்லி அரை அடிக்குப் பேரம் பேசுவார்,
எல்லாம் துணியிலேயே தெரிந்துவிடும்.
ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

சோற்று நேரத்தில் முதலாளியின் மகன்
செல்லில் உலகம் காட்டுவான்.
மாலி நாட்டில் மண்ணால் ஒரு பள்ளி,
சுவரெல்லாம் கட்டை நீட்டிக்கொண்டு.
வருஷத்துக்கு ஒருநாள் ஊரே திரண்டு
கையால் சேறு பூசுமாம்.
"பொம்பளைங்க?" என்றேன்.
"தண்ணி சுமப்பாங்க."
அதுசரி.

இஸ்தான்புல்லில் தொழுகை விரிப்பின் மேல்
சாம்பல் நிறப் பூனை ஒன்று தூங்கியது.
எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள்.
நான் ஓரத்தைப் பார்த்தேன்.
எந்திரத் தையல்தான்,
ஒரு முனையில் லேசாக இழுத்திருக்கிறது.

சீனாவில் சில ஊர்களில்
பெண்களுக்கென்றே தனிப் பள்ளி உண்டாம்,
முன்னே நின்று நடத்துபவளும் பெண்ணாம்.
பாபாஜான் கவளத்தை மென்று விழுங்கிவிட்டு
"அங்க குளிர் ஜாஸ்தி" என்றார்.

கோலாலம்பூரிலிருந்து நாத்தனார் சகர்பான் பேசினாள்:
குளிர்சாதனம், பளிங்கு, கூரையில் நீலம்,
தொழுது முடித்து அங்கேயே
கால் நீட்டி உட்கார்ந்திருப்போம் மச்சி.
நீலத்தை விட்டுவிட்டு
கால் நீட்டுவதைத்தான்
இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னேன்.

நோன்புக்கு இருபது நாள் இருக்கும்போது
பக்கத்துத் தெருப் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது.
இரண்டாம் மாடி. பெண்களுக்கு.
அளவு இரண்டு முறை தப்பாக வந்தது.
பாபாஜானுக்கு முழங்கால் வலி.
"நீயே போய் அளந்துட்டு வா" என்றார்,
கடைக்குப் போய்வா என்பதுபோல.

ஜெனரேட்டரை ஒட்டிப் பின்படி.
கிப்லாவுக்குக் கோடு போட்டுத் தர
மோதினார் அத்தாவுல்லா கூட வந்தார்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.
புதுச் சுண்ணாம்பு. மூடிய ஜன்னல். ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி.
மனை சாலையைப் பார்த்து நிற்கிறது,
மக்காவோ மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி.
கோடு சாய்ந்தே விழுந்தது.
விரிப்பு சாய்ந்தால்
மூலைகளில் முக்கோணம் மிஞ்சும்.
"மூலையை என்ன செய்ய?"
"விட்டுடும்மா. அங்க யாரு நிக்கப் போறா."

அஸருக்கு நேரமாச்சென்று இறங்கிப் போனார்.
சற்றைக்கெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து
அவர் குரலே வந்தது.
சுவரைப் பார்த்துக் கூச்சப்பட்ட குரல் இல்லை அது.
நான் முழங்காலில் இருந்தேன்,
அளப்பதற்காகத்தான்.
ஒளு செய்ய அந்த மாடிக்கு
இன்னும் குழாய் வரவில்லை.

படியில் ஏதோ தளும்பியது.
எட்டிப் பார்த்தேன்.
பாதி சிந்திய வாளி. மேலே ஒரு செம்பு.
இறங்கிப் போகும் மனிதரின்
ஈரமான கால்சட்டை நுனி.

சாக்குக்கட்டிக் கோட்டின் மேல்,
வெறும் சிமெண்டில்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
முடித்ததும் கால் நீட்டி உட்கார்ந்தேன்.
சிமெண்ட் குளிர்ந்துதான் இருந்தது.

மூலைத் துண்டுகளுக்கும் ஓரம் தைத்தேன்.
இரண்டடி எட்டங்குலம், மூன்றடி ஓரங்குலம்.
கூலிச் சீட்டில் எழுதவில்லை.
ஒரு சின்னப் பிள்ளை தாராளமாக நிற்கலாம்,
குண்டான ஒருத்தி கொஞ்சம் ஒடுங்கினால் நிற்கலாம்.

அன்று பட்டறைக்குத் திரும்பியபோது
"நெத்தியில என்ன?" என்றார் பாபாஜான்.
"சாக்குக்கட்டி" என்றேன்.
துடைத்துக்கொள்ளச் சொன்னார்.
துடைத்துக்கொள்கிறேன் என்றேன்.