கடைசி பஸ் எத்தனை மணிக்கு

செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில்
ஆறு நாள் கணக்கு எழுதுகிறேன்.
ஏழாம் நாள் மலையை எழுதுகிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தவை:
யாரோ விற்ற பழைய கேமரா,
அதற்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு தவணை,
ஜிப் போகாத ஒரு மழைக்கோட்டு,
தேவைக்கு மேல் உவமைகள்.

பகோடா பாயிண்ட் பனியை
மலை துவைத்துப் போட்ட வேட்டி என்றேன்.
சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக் கொடிக்கு
மூன்று பத்தி கொடுத்தேன்.
படித்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒருத்தி நான்.
இன்னொருவன் தம்பி அருள்மாறன்,
அவன் இரண்டாம் பத்தியில் இறங்கிக்கொண்டதை
முகத்திலேயே பார்த்தேன்.

எட்டு மாத வரவு
நானூற்றுப் பதினேழு ரூபாய்.
டிக்கெட் செலவை இங்கே எழுத வேண்டாம்.

"ஊர் சுத்தறதுக்கு எவன்மா காசு குடுப்பான்?"
என்றார் முதலாளி செங்கோட்டுவேல்.
கொடுக்க ஒருவர் வந்தார்.
நாகலூர்ப் பக்கம் விடுதி வைத்திருக்கும் பிரான்சிஸ்.
ஒரு ராத்திரி தங்கல், இரண்டு வேளை சாப்பாடு,
கையில் மூவாயிரம்.
அமைதி என்ற சொல் நான்கு இடத்தில் வர வேண்டும்.

அன்றிரவு ஜெனரேட்டர் விடியும்வரை ஓடியது.
நான்கு இடத்திலும் அமைதியை எழுதினேன்.
மூன்றாவதில் ஓர் எழுத்துப் பிழை.
பார்த்தேன், திருத்தவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, மழை.
கீழே இறங்க பஸ் இல்லாமல்
ஏரிக்கரை பஜ்ஜிக் கடை ஓரம்
இரண்டு மணி நேரம் நனைந்தேன்.
வீட்டுக்கு வந்து கோபத்தில் எழுதினேன்:
கடைசி பஸ் எத்தனை மணிக்கு,
அது நிரம்பிவிட்டால் யாரைக் கேட்பது,
எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது,
இருபது கொண்டை ஊசி வளைவில்
எதற்குப் பிறகு குழந்தைக்குக் குமட்டும்,
அடிவாரத்திலேயே எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளவும்.
ஒரு உவமை கிடையாது.
நேரமெல்லாம் சொன்ன கண்டக்டர் மாதேஸ்வரன் பெயரை
அடியில் போட்டேன்.

அந்த மாதம் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள்.
என் வரிகளுக்கு நடுவே
வாந்தி மாத்திரைக்காரன் விளம்பரம் போட்டான்.
வரவு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
மண்டி நோட்டில் எழுதுவதுபோல
இடது பக்கம் எழுதி, கீழே கோடு போட்டு,
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
ஒரே ஒரு எண்ணை எதற்குக் கூட்டுவது?

போன வாரம் அதே பஸ்.
முன் சீட்டில் ஒரு குடும்பம்.
அம்மா போனைப் பார்த்து உரக்கப் படித்தாள்:
"ஒன்பதாவது வளைவு தாண்டியதும்
எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுக்கவும்."
பையன் எடுத்தான். முகர்ந்தான்.
என் காது சூடாகிவிட்டது.
அது நான்தான் என்று சொல்ல
வாய் திறப்பதற்குள்
பன்னிரண்டில் அவன் வாந்தியெடுத்தான்,
ஜன்னலுக்குப் பாதி,
திரும்பி என் முழங்காலுக்குப் பாதி.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
ஒன்பதை ஏழு என்று மாற்ற வேண்டும்.

பொழுது சாய லேடீஸ் சீட்டில் நின்றேன்.
கீழே சேலம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
எங்கள் மண்டி எது என்று தேடினேன்,
தெரியவில்லை.
காயப்போட்ட ஜவ்வரிசியை
யாரோ வாரி முடிக்காமல்
விட்டுப் போன களம் மாதிரி இருந்தது.

இதைப் படிக்க ஆள் கிடையாது, தெரியும்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி
பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
மாதேஸ்வரன் சொன்னது,
சரியாகத்தான் இருக்கும்.