ரசம் பூசுதல்

அக்ரா, மக்கோலா சந்தை. காலை பதினொன்றே கால்.
டெடேயின் கடையில் முப்பத்தேழு டப்பா.
மூடியில் சிரிக்கிறவளின் முகத்தில்
மூக்குத் துளை தவிர வேறு நிழலில்லை.
பின்சீட்டில் கற்றாழை, தேன், குங்குமப்பூ.
செய்த ஊர் இருக்குமிடத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

கருவியை அழுத்தினேன்.
அனுமதி, பத்து லட்சத்தில் ஒன்று.
திரையில் பதினோராயிரத்து நானூறு.
வெயில் கண்ணைக் கூசியது,
கைமறைத்து இன்னொரு முறை படித்தேன்.
அதேதான்.

படிவத்தில் எழுதுகிறேன்: பாதரசம்.
ஒரு காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பூசியது.
இப்போது கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவள்
பூசிக்கொள்கிறாள்.

அபராதம் எவ்வளவென்று டெடே கேட்கவில்லை.
கல்லாவுக்கு அடியில் கைவிட்டு
பாதி வழித்த டப்பா ஒன்றை, விரல்தடத்தோடு,
எடுத்து வைத்தாள்.
“இது விற்க இல்லை.”
முப்பத்தெட்டு என்று திருத்தினேன்.

பெட்டிக்கு முத்திரை வைக்கும்போது
கருவியைத் தன் கன்னத்தருகே இழுத்தாள்.
“இங்கேயும் ஒரு தடவை அழுத்து, அக்வேலே.”

இது சரக்குக்கு, ஆளுக்கு இல்லை என்றேன்.
மேலே கதிர் படக்கூடாது. விதி.
சரக்கு எது, ஆள் எது என்று
எந்த விதியில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை எங்கே செய்வார்களென்று
படிவத்தின் ஓரத்தைக் கிழித்து எழுதித் தந்தேன்.
படிவத்தைக் கிழிப்பதும் குற்றம்தான்.
மடித்துச் சில்லறைப் பைக்குள் வைத்தாள்,
இருபது சேடி நோட்டுக்கு அடியில்.

பக்கத்துக் கடைக்காரி
தன் டப்பாக்கள்மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தாள்.
துணி போதவில்லை.