ஆரஞ்சு வயர்

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
போனது என்பது சரியில்லை,
வெட்டிவிட்டுப் போனார்கள்.
எதிர்வீட்டில் மலாய்ச் செய்தி ஓடுகிறது,
கீழ்மாடியில் யாரோ மிக்ஸி அரைக்கிறார்கள்,
செந்தூல் முழுக்க வெளிச்சம்.
பதினோராம் மாடியில் என் கதவுக்குப் பின்னால் மட்டும் இருட்டு.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது.
அதுதான் வெட்கம்.
இல்லாதவர்களுக்கு
இல்லை என்று சொல்லிக்கொள்ளவாவது முடியும்.
எனக்கு வங்கியில் ஆயிரத்து எழுநூறு வெள்ளி,
செருப்பு அலமாரி மேல் மூன்று மாத பில்,
நடுவில் நாலடி தூரம்.

சிவப்பு நோட்டீஸ் வந்த அன்றே எடுத்தேன்.
எடுத்த கையோடு பேனா தேடினேன்.
பேனா தேடிய இழுப்பறையில்
போன வருடம் தொலைத்த சாவி,
சாவி என்றதும் ரோட் டாக்ஸ்,
ரோட் டாக்ஸ் என்றதும் மழை,
மழை என்றதும் கொடியில் சட்டை.
இரவு பத்தரைக்கு ஈரச் சட்டையோடு
நடுக்கூடத்தில் நின்றிருந்தேன்
எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல்.
அந்த நோட்டீஸ் இன்றுதான் கிடைத்தது.
அணைந்த குளிர்பெட்டிக்குள்,
முட்டைத் தட்டின் மேல்,
சில்லென்று.

வேலையிடத்தில் என்னைப் பார்க்க வேண்டும் நீங்கள்.
இழுவை லாரிக் கம்பெனி, இரவுப் பணி, இரண்டு தொலைபேசி.
டியூக் நெடுஞ்சாலையில் டயர் வெடித்து அழுகிறவளிடம்
"தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க,
பேரு என்ன சொன்னீங்க?" என்று ஒரு காதில் பேசி
மறு காதில் கெப்போங் டிரைவரைத் தட்டி எழுப்பிவிடுவேன்.
ஊர் பற்றி எரியும்போது என் தலைக்குள்
அப்படி ஓர் அமைதி.
எதுவும் எரியாத நாட்களில்தான்
எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முப்பத்தெட்டு வயதில் ஒரு டாக்டர்
இதற்குப் பெயர் சொன்னார். ஏடிஎச்டி.
கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் அழுதேன்.
பிறகு டிக்கெட்டைத் தொலைத்து
இருபது வெள்ளி அபராதம் கட்டி வெளியே வந்தேன்.

அதற்கு முன்பும் பெயர்கள் இருந்தன.
தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் கார்டில்
'கோகிலவாணி கெட்டிக்காரி, ஆனால்'.
அம்மாவுக்கு ஓட்டைப் பானை.
என்னோடு ஆறு வருடம் வாழ்ந்தவன் சொன்னது
"வேணும்னே செய்யறே."
மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது.
இது மட்டும் இருட்டினால் வந்து
பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஏழரைக்குக் கதவடியில் ஏதோ உரசியது.
காக் செனா,
நடைபாதையைக் கடந்து ஓர் ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் வயரை
உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

ஒற்றைத் துளை.
விசிறியா, குளிர்பெட்டியா,
உள்ளே உருகும் கெம்போங் மீனா?
இருபது நிமிடம் அதையே யோசித்தேன், சிரிக்காதீர்கள்.
கடைசியில் கைப்பேசி. மூன்று சதவீதம்.
வயர் வாசல்வரைதான் எட்டியது,
சார்ஜர் அதைவிடக் குட்டை.
கைப்பேசியை விடாமல் இருக்க
தரையில், செருப்புகளுக்கு நடுவே
கட்டிப்போட்ட ஆடுபோல் உட்கார வேண்டியிருந்தது.
பேனாவுக்கு எழ முடியாது.
சட்டைக்கு ஓட முடியாது.

கட்டி முடித்தேன்.
நாலு நிமிடம்.
மூன்று மாதம் நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லின் எடை
நாலு நிமிடம்.
மகிழ்ச்சியா என்றால், இல்லை. கோபம்தான் வந்தது.
பிறகு பசி.

மறுநாள் மாலை விளக்கு வந்தது.
தண்ணீர் பில் இன்னும் அலமாரி மேல்தான்.
ஆனால் சில இரவுகளில்
வாசல் தரையில் உட்கார்ந்து
வயரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு
ஒரு கடிதத்தைப் பிரிக்கிறேன்.
ஒன்றே ஒன்று.

ஆம், வயர் இன்னும் என்னிடம்தான்.
லிஃப்ட்டில் காக் செனா கேட்டாள்,
இன்று தருகிறேன் என்றேன்.
அந்த இன்று, போன செவ்வாய்க்கிழமை.